வந்த நேரம்

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் திரையில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. நடக்காததுதான் செண்பகவல்லிக்குக் கவலை. அலுவலகத்தின் சோதனை அறையில், ஆள் இல்லாத குளிரில், அந்தப் பெட்டி அவள் சொன்னபடி டிஸ்க்கில் எழுதுகிறது, எழுதியதைப் படிக்கிறது, மறுபடி எழுதுகிறது; இங்கே ராஜகீழ்ப்பாக்கத்தில், வீட்டுப் படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அது எப்போது பழுதாகி விழும் என்று இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விழவேண்டும். நான்கு மணிக்கு மீட்டிங். அதற்குள் ஒரே ஒரு தடவை விழுந்து, ஏன் விழுந்தேன் என்று காட்டிக்கொடுத்துவிட்டால் பெனிட்டா தப்பித்தாள். இல்லாவிட்டால் பெனிட்டா எழுதியதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத அந்தப் பெண்ணை நிரந்தரம் பண்ணுவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பேசுவார்கள். பேசுவது என்ன, மனதுக்குள் அனுப்பியாகிவிட்டது, வாயால் சொல்வதுதான் பாக்கி. வாடிக்கையாளர் இடத்தில் கேட்காமலே விழுகிற சனியன், விழு விழு என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது. ஹாலில் அத்தை மொச்சை உரிக்கிறாள். டிவியில் யாரோ அழுகிறார்கள். அத்தைக்கு டிவியில் யாராவது அழுதுகொண்டிருந்தால்தான் கை ஓடும்.

சொல்லிப் புரியவைக்க முடியாத பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வங்கி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்குத் தகவல்களைச் சேமித்துவைக்கும் பெட்டிகளைச் செண்பகத்தின் கம்பெனி செய்து விற்கிறது. பெட்டிக்குள்ளே கெர்னல் என்று ஒன்று. எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்துகொண்டு எல்லாருக்கும் இடம் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. யார் கேட்டாலும் நினைவகத்தில் இத்தனை இடம் என்று கொடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும். முன்பெல்லாம் திருப்பி வாங்கிய இடம் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பெனிட்டா அதை மாற்றினாள்: ஒருவர் திருப்பிக் கொடுத்த இடம் அடுத்த கணமே, கேட்கிற இன்னொருவருக்குப் போய்விடும். பெட்டி வேகமாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். புது வடிவம் வெளியே போன பிறகு ஊர் ஊராக டிஸ்க் காணாமல் போக ஆரம்பித்தது. காணாமல் போவது என்றால் திருட்டு இல்லை. டிஸ்க் அங்கேயேதான் இருக்கும். அதோடு பேசுவதற்கென்று இருக்கிற டிரைவர் என்ற நிரல் திடீரென்று புத்தி பேதலித்து, இப்படி ஒரு டிஸ்க்கே இங்கே இல்லை என்று சாதித்துவிடும். எந்த மாற்றத்தால் வந்தது என்று பார் என்று தேசிகன் சார் சொன்னது செண்பகத்திடம்தான். அவர்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர். அவள் பார்த்தாள். அதற்கு அந்தத் தொழிலில் பைசெக்ட் என்று ஒரு வழி உண்டு. நன்றாக இருந்த பழைய வடிவத்துக்கும் கெட்டுப்போன புது வடிவத்துக்கும் நடுவில் சேர்ந்த மாற்றங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பாதியாகப் பிளந்து சோதிப்பது. நல்ல பாதியைத் தள்ளிவிட்டுக் கெட்ட பாதியை மறுபடி பிளப்பது. யோசிக்கவே வேண்டாம், மாடு மாதிரி செய்துகொண்டே போனால் போதும். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். மிஞ்சியதைக் கருவியே எழுதிக் காட்டும்: முதல் கெட்ட மாற்றம் இது, எழுதியவர் பெனிட்டா சேவியர். பெயர், மெயில் முகவரி, தேதி எல்லாம் இருக்கும். செண்பகம் அதை அப்படியே எடுத்து டீம் குரூப்பில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். எல்லாரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். இன்னும் காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: பெனிட்டா வந்த நேரம், டிஸ்க் எல்லாம் ஓடிப்போகுது. கூடவே ஒரு சிரிக்கிற முகம். அதைப் பார்த்து டீமே சிரித்திருந்தது. பெனிட்டாவும் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் செண்பகம் குரூப்பை மூடினாள். சிரித்தவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒட்டியது நான்தானே என்றிருந்தது.

வந்த நேரம். அப்பீலே இல்லாத தீர்ப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால், கோவில்பட்டி வீட்டு முற்றத்தில் செண்பகத்தின் கணவர் உலகநாதனைக் கிடத்தியிருந்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதம். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் படிக்கம்பியைத் தொட்டபடியே சரிந்துவிட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு வந்த அத்தை, பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த செண்பகத்தைப் பார்த்ததும் நின்றாள். கத்தியிருந்தால் மறந்துபோயிருக்கும், எல்லாரும் கத்திக்கொண்டுதானே இருந்தார்கள். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீ வந்த நேரம், எம் பிள்ளையக் கொண்டுபோயிட்டு." செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிற முகம் போடுகிற வசதி அன்றைக்கு இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பாள். என்ன புடவை கட்டியிருந்தாள்? பச்சை. இல்லை, பச்சை முதல் நாள் கட்டியது, கோவிலுக்குப் போனபோது. அவர் காலையில் கடைசியாக என்ன சொல்லிவிட்டு ஓடினார்? குடை எங்கே என்று கேட்டாரா, சாவி எங்கே என்று கேட்டாரா? மழைக்காலம் இல்லையே, குடை எதற்கு. அப்படியென்றால் சாவி. ஆனால் காதில் விழுவது குடை என்றுதான். இருபது வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒன்றாகக் கேட்கிறது. இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஒன்றுமே சொல்லாமல்கூட ஓடியிருக்கலாம். மூன்று மாதத்தில் ஒரு ஆளை எவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும். தயிர்ச்சாதத்துக்குச் சர்க்கரை கேட்பார் என்று தெரியும். தூங்கும்போது ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்வார் என்று தெரியும், வலக்கையா இடக்கையா என்பது போய்விட்டது. இடிக்குப் பயப்படுவார், கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் சொல்லாமல் ஜுரத்தில் உளறினார், ஆறு வயது வரைக்கும் பேச்சில் ழ வராது, இதெல்லாம் அத்தை பிறகு, சாயங்காலங்களில், காய் நறுக்கிக்கொண்டே சொல்லித் தெரிந்தது. திரையில் பெட்டி எழுதுகிறது, படிக்கிறது, ஒரு குறையும் இல்லை என்கிறது.

டாக்டர் சொன்னது முற்றத்தில் கிடத்துவதற்கு முன்னால். பெரியாஸ்பத்திரி வராந்தாவில், அறுத்துப் பார்த்துவிட்டு உடம்பைக் கொடுப்பதற்குக் காத்திருந்தபோது. வீட்டு ஆண்கள் வண்டிக்கும் கையெழுத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர், இவளுக்கு இங்கிலீஷ் புரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, இவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதயத்தின் சுவர் தடித்துப்போயிருந்தது, இது இன்று நேற்று வந்ததில்லை, பிறக்கும்போதே கூட வந்தது, ரத்தத்தில் இறங்குவது. குடும்பத்தில் சின்ன வயதில் இப்படித் திடீரென்று போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். உண்டு. அத்தையின் தம்பி, சுவரில் மாலை போட்ட படமாக இருப்பவர், வாலிபால் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர். காத்து கறுப்பு அடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. உலகநாதன்தான் படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். அத்தையின் தம்பி, அத்தையின் பிள்ளை, நடுவில் அத்தை. இதைக் கூட்டிப் பார்க்க இங்கிலீஷ்கூடத் தேவையில்லை. அதனால் முற்றத்தில் அந்த வார்த்தை விழுந்தபோது செண்பகத்தின் வாயில் பதில் தயாராக இருந்தது. நான் வந்த நேரம் இல்லை அத்தை, உங்கள் வழியில் வந்தது. சொல்ல ஒரு மூச்சு போதும். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளிடம், கொடுத்ததே நீதான் என்று எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டாள். சரி, அன்று சொல்லவில்லை, மறுமாதம் சொல்லியிருக்கலாம். மாமா காலமானபோது, அத்தை அந்த வீட்டில் தனியாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வேறு கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவின் பேச்சையும் மீறிச் சென்னைக்குக் கூட்டிவந்தாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆகச் சொல்லாததே பழைய பீரோ மாதிரி வீட்டில் இடம் பிடித்துக்கொண்டது. சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியாயிற்று. அத்தையும் அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த வார்த்தையை எடுத்ததில்லை. ஆனால் எதிர் வீட்டில் புது மருமகளுக்கு ஆரத்தி எடுத்த அன்று, வாசலுக்குப் போன செண்பகத்தின் முழங்கையைத் தொட்டு, உள்ளே இரும்மா என்று மெல்லச் சொன்னாள். அத்தையும் உள்ளேதான் இருந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டு, வெளியே சத்தம் ஓய்ந்த பிறகு வந்து, மிச்ச வேலையைப் பார்த்தார்கள்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பெனிட்டாவின் மாற்றத்தைச் செண்பகம் வரிவரியாகப் பார்த்தாயிற்று, அதில் தப்பு இல்லை. தப்பு டிரைவரில் இருக்கவேண்டும். வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துவிட்ட ஒருவன், பழக்கதோஷத்தில் திரும்பி வந்து உள்ளே நுழைகிறான். வீடு காலியாகக் கிடந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. புதுக் குடித்தனம் வந்த அன்று கூச்சல். உடனே தெருவே சொல்கிறது, இவர்கள் வந்ததிலிருந்துதான் சண்டை என்று. பைசெக்ட்டும் அதைத்தான் சொன்னது. பாவம், அதற்குக் கடைசியில் வந்தது யார் என்று மட்டும்தான் தெரியும். ஆனால் மனதுக்குள் வக்கீல் மாதிரி பேசி என்ன பிரயோஜனம், கையும் களவுமாகப் பிடித்துக் காட்டவேண்டும். அதற்கு விஷம் வைப்பது என்றே தொழிலில் பெயர். திருப்பிக் கொடுத்த இடம் முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பி வைப்பது. டிரைவரின் கையில் அந்த எண் அகப்பட்டால் அது போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். காலையிலிருந்து விஷம் வைத்துக் காத்திருக்கிறாள், டிரைவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒருவேளை தப்பு பெனிட்டாவுடையதுதானோ. எல்லாரும் சொல்வது ஒருவேளை சரியோ. ஒருவேளை அன்றைக்கும் சரியோ, டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் போகாத வீட்டில் அவர் இன்னும் இருந்திருப்பாரோ? இந்த நினைப்பு வருஷத்துக்கு ஒரு முறையாவது வரும், வந்தால் காது அடைத்துக்கொள்ளும். அந்தப் பெண்ணைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் எனக்காகத்தான் வாதாடுகிறேனோ என்றும் தோன்றியது. இல்லை, இல்லை. யோசி. காலி பண்ணியவன் எதற்காகத் திரும்பி வருவான்? எதையாவது விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். அல்லது அந்த விலாசத்துக்கு ஏதாவது வரவேண்டியிருந்து, அவன் இருந்த வரைக்கும் வராமல், போன பிறகு வந்திருக்கவேண்டும். பதில். டிஸ்க்கின் பதில். சோதனை அறையில் இருப்பது புத்தம்புது டிஸ்க், கேட்ட வாய் மூடுமுன்னே பதில் சொல்கிறது. வாடிக்கையாளரிடம் இருப்பவை வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றிக் களைத்தவை, சில சமயம் நேரமெடுக்கும். டிரைவர் காத்துப் பார்த்துவிட்டு, இது சொல்லாது என்று கைவிட்டு, இடத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் பதில் வந்தால்? செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிஸ்க்கின் பதில்களை வேண்டுமென்றே தாமதப்படுத்த நாலு வரி எழுதினாள். கை அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து, திருத்தி, ஓடவிட்டாள்.

விழுந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் விழுந்தது. திரை முழுக்க அவள் நிரப்பிவைத்த அதே எண் கொட்டிக்கிடந்தது. அதைப் படிக்கப் போனது டிரைவரின் எந்த வரி என்று பக்கத்திலேயே இருந்தது. கைவிட்ட பிறகு வந்த பதிலை வாங்கிக்கொண்டு, இல்லாத இடத்தில் வைக்கப் போயிருக்கிறது. பெனிட்டா இந்தக் கம்பெனியில் சேர்வதற்கு முன்னாலிருந்தே, அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். தேசிகன் சார். கம்பெனி ஒற்றை மாடி வீட்டில் ஓடிய நாளில் அவர் தனி ஆளாக எழுதிய டிரைவர். தன் கல்யாணத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார் என்று அவர் மனைவியே கேலி செய்வது உண்டு. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். தப்பைத் திருத்தி அனுப்பும்போது, இது யார் எப்போது செய்த தப்பைத் திருத்துகிறது என்று கீழே ஒரு வரி எழுதவேண்டும், அது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அந்த வரி அழியாது. அதைப் போட்டால் பெனிட்டா பழியிலிருந்து வெளியே வருவாள், அவர் உள்ளே போவார். செண்பகத்துக்குக் கை ஓடவில்லை. ஒருத்தியைத் தூக்கிவிட இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்றால், இந்த உலகத்தில் எப்போதும் இப்படித்தானா? அவள் போனை எடுத்து அவரையே கூப்பிட்டாள். தப்பு எங்கே என்று சொன்னாள், வரியைச் சொன்னாள், யாருடைய வரி என்று மட்டும் சொல்லாமல் நின்றாள். அவர் முடித்துக்கொடுத்தார்.

"அது நான் எழுதினதும்மா. லேட்டா பதில் வரும்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை. என் பேரைப் போடு, இதுக்குப் போய் என்னைக் கேக்கணுமா?"

அவ்வளவுதான். நான்கு மணி மீட்டிங்கில் செண்பகம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார், கூடவே, அந்தப் பெண் வந்திருக்காவிட்டால் இந்தத் தப்பு நம்மோடு சேர்ந்து கிழடாகியிருக்கும் என்றும் சொன்னார். வந்த நேரம் என்று எழுதியவன் தொண்டையைச் செருமினான். பெனிட்டாவை வீட்டுக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. நிரந்தரம் பண்ணும் தேதியைத்தான் பேசினார்கள். மீட்டிங் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெனிட்டாவிடமிருந்து, மேடம், காலையில் அம்மாவிடம் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், என்று ஒரு வரி வந்தது. செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேசிகன் சார் சொன்னதுதான் காதில் ஓடியது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். சொன்னவர் செத்துப்போகவில்லை, கூரை இடிந்து விழவில்லை. அப்படியென்றால் நான் எதைக் கண்டு பயந்து இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? தப்பு யாருடையது என்றுகூட வேண்டாம், நான் இல்லை என்று மட்டும், ஒரே ஒரு தடவை, அத்தையின் வாயால் கேட்கவேண்டும் போலிருந்தது. எழுந்து ஹாலுக்குப் போய் அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அத்தை, இன்றைக்கு என்ன சீக்கிரம் முடிந்துவிட்டது என்று கேட்டாள். ஆமாம் என்றாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல், உங்கள் தம்பி எப்படிப் போனார் அத்தை என்று கேட்டாள். விளையாடும்போதுதான், உனக்குத்தான் தெரியுமே என்றாள் அத்தை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று செண்பகம் கேட்டாள். அத்தையின் கை நின்றது. டிவியை அணைக்கச் சொன்னாள்.

"சொன்னாங்க. நெஞ்சுல பொறவிக் கோளாறு, எங்கம்மா வழியில இறங்குததுன்னு சொன்னாங்க. பொறந்தா எம் பிள்ளைகளுக்கும் பாக்கணும்னாங்க. பாக்கல. பாத்து இருக்குன்னு சொல்லிட்டா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

செண்பகத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. தெரியும். முற்றத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னபோதே அத்தைக்குத் தெரியும். இருபது வருஷமாக எதை அத்தைக்குத் தெரியாமல் மறைத்தோம் என்று செண்பகம் நினைத்தாளோ, அது அத்தையிடம் இவளுக்கு முன்னாலிருந்தே இருந்திருக்கிறது. நான் யாரைக் காப்பாற்றினேன்? கோபம் வந்தது, நெஞ்சு கொதிக்கிற மாதிரி கோபம். அத்தையின் குனிந்த தலையைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்படியென்றால் ஏன் என்னைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

"யாரையாவது சொல்லாம அன்னைக்கி என்னால நிக்க முடியல. நீதான புதுசா வந்திருந்த." அத்தை உரித்த மொச்சையை எடுத்து மறுபடி தோலுக்குள் வைக்கப் பார்ப்பதுபோல விரலில் உருட்டினாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், அதுவாக வரும்.

"அன்னைக்கே தெரியும் அத்தை. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு."

அத்தை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டு ஓய்ந்தது.

"தெரிஞ்சுமா என்னயக் கூட்டியாந்து வச்சுப் பாத்த? ஏன்ம்மா?"

பாவம் என்று சொல்லலாம், கடமை என்று சொல்லலாம், ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். உண்மை அதுவல்ல. குடையா சாவியா என்று தெரியாமல் நிற்கிற அந்தக் காலைப்பொழுதுக்கு அப்பால் அவரைப் பற்றி அவளுக்கென்று ஒன்றுமே இல்லை. இடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த பையனும், ஜுரத்தில் உளறிய பையனும் இந்தக் கிழவியின் வாயில்தான் இருந்தார்கள். செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரப் பத்திச் சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா அத்தை?"